ஒருவருக்கு மட்டும்

மைசூன் பேசுவதற்கு வாயைத் திறக்கும் முன்பே திரையில் மைக்கின் பச்சைக் கோடு ஒருமுறை எழும்பி அடங்கியது.

சத்தம் விழுந்தால் எழும்ப வேண்டும், விழாவிட்டால் தரையோடு படுத்துக் கிடக்க வேண்டும், அதற்கு மேல் அந்தக் கோட்டுக்கு உலகத்தில் எந்த வேலையும் கிடையாது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். யாரோ கார் சாவியைத் தேடினார்கள், யாரோ படியில் தடதடவென்று இறங்கினார்கள். ரமலான் மாதத்தில் ஐந்தரை மணிக்கு மேல் ஜோர்டானின் அம்மான் நகரமே இப்படித்தான் வீட்டைப் பார்த்து ஓடும். அந்தச் சத்தத்தில் ஏதோ மைக்கில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

நாயிஃப் கதவைத் தள்ளித் தலையை மட்டும் உள்ளே நீட்டினான். வெய்ப்தே மலையில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடியில் தன்னையும் சேர்த்து ஐந்து பேரோடு கேம் கம்பெனி நடத்துகிறவன் அவன்தான். முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் என்றைக்கோ பிறக்கப்போகும் மகனுக்கு ஸக்ர் என்று பெயரை மட்டும் முடிவு செய்து வைத்திருந்ததால், எல்லோரும் அவனை அபூ ஸக்ர், ஸக்ரின் அப்பா, என்றுதான் கூப்பிட்டார்கள்.

"என்ன, ஆச்சா?"

"எங்க ஆச்சு. இப்பதான் லைசென்ஸ் நம்பரைக் கேக்குது."

"பேரைக் கேட்டா லமீஸ் பேரையே போடு. உன் பேரைப் போட்டேன்னு வெச்சுக்கோ, ஆளை மாத்த ரெண்டு வாரம் ஆகும்னுடுவானுங்க. நமக்கு இருக்கறது மூணு மணி நேரம்."

"செத்துப்போனவ பேர்ல இன்னும் எத்தனை நாளைக்கு ஓட்டறது, அபூ ஸக்ர்?"

"வருஷக் கடைசி வரைக்கும் பணம் கட்டியிருக்கோம்ல. அவ என்ன வந்து கோவிச்சுக்கவா போறா?" சொல்லிவிட்டு அவனே முகத்தைத் தடவிக்கொண்டான். பகலெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காத உதடுகள் வெளுத்திருந்தன. "அல்லா அவளுக்கு இரங்கட்டும். நோன்புல வாய் தப்பிப் போச்சு. எட்டு மணிக்கு வந்துடறேன். உனக்கு கதாயிஃப் கொண்டாறேன், பாலாடை வெச்சதா, வால்நட் வெச்சதா?"

"பாலாடை."

"ஒன்பது மணிக்குள்ள கேமை அனுப்பியே ஆகணும். இல்லைன்னா ஈத் பெருநாளுக்கு அப்புறம் நம்ம அஞ்சு பேரும் ஆளுக்கொரு டாக்சி ஓட்ட வேண்டியதுதான்."

அவன் போனான். கீழே வாசல் கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்டது.

மைசூன் மாதபாவிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அதனால் அந்த அலுவலகத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக் காவல் ஆறு வருடமாக அவளுடையது. கிறிஸ்துமஸுக்கு மற்ற நாலு பேரும் அவளுக்காக உட்காருவார்கள், ரமலானுக்கு அவள் உட்காருவாள். யாரும் எழுதி வைக்காத ஒப்பந்தம், யாரும் மீறியதில்லை. காலியான அலுவலகத்தில் அந்த ஒன்றரை மணி நேரம் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அன்றைக்கு வேலை என்று பார்த்தால் கால் மணி நேரத்து வேலைதான். ஹிஜாஸ் ரயில் பாதையில் பாழடைந்த ஒரு நிலையம், அங்கே வராத ரயிலுக்காகத் தனியாகக் காத்திருக்கும் ஒரு பெண். இதுதான் அவர்கள் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்த கேம். அதில் ஜல்லியில் நடந்தால் ஜல்லியின் சத்தமும், காலி அறையில் நடந்தால் காலி அறையின் சத்தமும் வருவதற்கு ஒரு ப்ளக்-இன் போட்டிருந்தார்கள். போன வாரம் மின்சாரம் போய் வந்ததில் லமீஸின் பழைய கணினியில் டிஸ்க் எரிந்துவிட்டது. புது டிஸ்க் போட்டதும் ப்ளக்-இன் அதை வேறு ஏதோ கணினி என்று நினைத்துக்கொண்டு லைசென்ஸ் செல்லாது என்றது. அத்தோடு விட்டதா? அரை நிமிடத்துக்கு ஒருமுறை கேமுக்குள் ஓர் ஆண்குரல் புகுந்து, இது சோதனைப் பிரதி, இது சோதனைப் பிரதி என்று அறிவிக்க ஆரம்பித்தது. அந்தக் குரலோடு வெளியீட்டாளருக்கு அனுப்பினால் அனுப்பாமல் இருப்பதே மேல்.

மைசூனுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. லைசென்ஸ் விற்கும் கம்பெனிகளில் அதைவிடக் கிடையாது. நம்பரைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். மின்னஞ்சல் கேட்டது, லமீஸின் மின்னஞ்சலைக் கொடுத்தாள். பிறகு ஒரு வரி வந்தது.

இந்த லைசென்ஸ் ஒருவருக்கு மட்டும். நீங்கள் லமீஸா?

ஆம் என்பதை அழுத்தினாள். கை தயங்கவில்லை. தயக்கமெல்லாம் முன்பே தீர்ந்துபோயிருந்தது.

லமீஸ் போன இலையுதிர் காலத்தில் அகபாவிலிருந்து திரும்பும்போது பாலைவன நெடுஞ்சாலையில் ஒரு லாரியின் அடியில் சிக்கிச் செத்துப்போனாள். ஒரு மாதம் கழித்து அவள் பெயருக்கு ப்ளக்-இன் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: நீங்கள் இன்னும் எங்கள் மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்களா? இல்லை என்றால் லைசென்ஸ் போய்விடும். அவள் மேசையும் அவள் வேலையும் மைசூனுக்கு வந்திருந்ததால் பதில் எழுதும் வேலையும் வந்தது. ஆம், பயன்படுத்துகிறேன், அன்புடன் லமீஸ். முதல் தடவை அந்தப் பெயரை அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். மூன்றாவது தடவை அழிக்கவில்லை. பதினோரு கடிதம் ஆயிற்று. ஒன்றில் அங்கே உட்கார்ந்திருந்த யாரோ நல்ல மனசுக்காரர், ரொம்ப நாளாயிற்றே, நலமா, என்று விசாரித்திருந்தார். நலமாக இருக்கிறேன் என்று எழுதி அனுப்பினாள். அன்று இரவு மட்டும் சோறு இறங்கவில்லை.

திரை அடுத்த வரிக்கு வந்தது. ப்ளக்-இன் உங்கள் அறையைக் கேட்கப் போகிறது. உங்கள் பெயரை உரக்கச் சொல்லுங்கள்.

இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சத்தம் எங்கே பட்டு எப்படித் திரும்புகிறது என்று அது அளந்துகொள்ளும். முதல்முறை போடும்போது லமீஸும் இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் பெயரைச் சொன்னாள். மைசூன் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நான் லமீஸ்."

மறுபடியும்.

"நான் லமீஸ்."

மறுபடியும்.

"நான் லமீஸ்தான், போதுமா?"

சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றி நின்றது.

அறையில் இருவர் இருக்கிறீர்கள். இந்த லைசென்ஸ் ஒருவருக்கு மட்டும். மற்றவரை வெளியேறச் சொல்லிவிட்டு மீண்டும் முயலவும்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா எண்ணின போ," என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். "இங்க ஒருத்திக்கே இடம் பத்தல." சொல்லி முடித்த பிறகும் கோடு முழுக்க அடங்கவில்லை. கொஞ்சம் எழும்பியது. படுத்தது. கொஞ்சம் எழும்பியது.

எழுந்து போய் மற்ற அறைகளைப் பார்த்துவிட்டு வந்தாள். யாராவது உடம்பு சரியில்லாமல் சோபாவில் படுத்துத் தூங்கிவிட்டார்களோ என்று பார்த்தாள். சோபா காலி. சமையலறையில் கெட்டிலும், கழுவிக் கவிழ்த்த கோப்பைகளும். கீழ்வீட்டில் பருப்பு சூப்புக்கு வெங்காயம் சிவக்க வறுக்கும் வாசனை படிக்கட்டு வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. தெருவில் கடைசி நேரத்து ஹாரன்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து அலறின. இத்தனை சத்தத்தில் எந்த இயந்திரத்துக்குத்தான் கணக்குத் தப்பாது என்று தோன்றியதும் மனசு லேசானது. நாயிஃபுக்குப் போன் செய்தாள்.

"சொல்லு," என்றான். பின்னால் தட்டுகள் வைக்கும் சத்தம்.

"ரெண்டு பேர் இருக்கோம்னு சொல்லுது. நான் மட்டும்தான் இருக்கேன்."

"ஜன்னல் திறந்திருக்கா?"

"ஆமா."

"மூடித் தொலை. தெருச் சத்தம் கேக்கும்ல. ஃப்ரிட்ஜ் ஓடுதா? அதையும் பிடுங்கு. உயிருள்ளது உயிரில்லாததுன்னு எல்லாத்தையும் அணைச்சுட்டுப் போடு, தானா வேலை செய்யும். பாங்கு சொல்லப் போறாங்க, வெச்சுடறேன்."

அவன் சொன்னபடி செய்தாள். ஜன்னலை மூடிக் கொக்கி போட்டாள். ஹாரன் சத்தம் தூரப் போயிற்று. கோடு எழும்பிப் படுத்தது. ஃப்ரிட்ஜின் வயரைப் பிடுங்கினாள். அது ஒருமுறை உதறிக்கொண்டு அடங்கியது. கோடு எழும்பிப் படுத்தது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, பேட்டரியை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஹீட்டரை அணைத்தாள். மற்ற நாலு கணினிகளையும் ஒவ்வொன்றாக அணைத்தாள், போனை அமைதியில் போட்டாள், கையிலிருந்த வளையலைக்கூடக் கழற்றிப் பைக்குள் போட்டாள். பிறகு பாங்கு ஆரம்பித்தது, முதலில் பக்கத்து மசூதி, அப்புறம் எதிர்மலை, அப்புறம் எங்கெங்கோ. ஒவ்வொன்றாக முடிந்தது. அதோடு சேர்ந்து தெருவும் முடிந்தது. வருடத்தில் முப்பது நாள் மட்டும் அந்த ஊருக்கு வரும் அமைதி அது. நாற்பது லட்சம் பேரும் ஒரே சமயத்தில் வாயில் பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும் அமைதி.

அத்தனை அமைதியிலும் கோடு எழும்பியது. படுத்தது.

இப்போது அது தெளிவாகவே தெரிந்தது. அங்கங்கே விழுந்த ஏதோ சத்தம் இல்லை. ஒரு கணக்கு வைத்துக்கொண்டு எழும்பியது. அவள் எண்ணிப் பார்த்தாள். எழும்ப இரண்டு, படுக்க மூன்று, சும்மா இருக்க ஒன்று. மறுபடி இரண்டு, மூன்று, ஒன்று. அவளுடைய மூச்சாக இருக்கும் என்று மூச்சைப் பிடித்தாள். நெஞ்சு எரியும் வரை பிடித்தாள். இரண்டு, மூன்று, ஒன்று.

பயமாக இருந்தது. அதை அவள் தன்னிடம் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் பயமாகத்தான் இருந்தது. முதுகில் ஸ்வெட்டருக்குள் வியர்த்தது.

மைக் பழுதாகியிருக்கும். அதுதான். எழுந்து கதவுவரை போனாள், அங்கேயிருந்து திரையைத் திரும்பிப் பார்த்தாள். கோடு இன்னும் உயரமாக எழும்பிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். சிறிதாயிற்று. மறுபடி எழுந்து இரண்டடி தள்ளி நின்றாள். பெரிதாயிற்று. அவள் நாற்காலியை விட்டு நகரும்போதெல்லாம் ஏதோ ஒன்று மைக்குக்குப் பக்கத்தில் வந்தது. அவள் வந்து உட்காரும்போது விலகிக்கொண்டது. மரியாதையாக விலகிக்கொண்டது.

ஹெட்போனை எடுத்தாள். மாட்டாதே என்று மனசு சொல்லியது. மாட்டினாள்.

முதலில் அறையின் சத்தம். மூடிய ஜன்னலும் பழைய சுவர்களும் தரைவிரிப்பும் சேர்ந்து உண்டாக்கும் அந்த லேசான இரைச்சல். அதற்குள் அவளுடைய மூச்சு. வேகமாக, வாயால் விடும் மூச்சு. அது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அது தூரத்தில் கேட்டது. மைக் அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது, ஆனாலும் அவள் மூச்சு பின்னாலிருந்து, சுவரோரத்திலிருந்து வருவதுபோல் கேட்டது.

பக்கத்தில் கேட்டது வேறு.

மெதுவான மூச்சு. நிதானமான மூச்சு. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து வேலை பார்க்கிறவளுடைய மூச்சு. உதடு பிரியும் சத்தம்.

"நான் லமீஸ்," என்றது மைசூனின் குரல்.

ஏற்கெனவே பதிவானது, மறுபடி ஓடுகிறது, அவ்வளவுதான். அவ்வளவுதான்.

"நான் லமீஸ்."

அவ்வளவுதான்.

"நலமாக இருக்கிறேன்," என்றது அந்தக் குரல்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். அந்த வார்த்தைகளை அவள் எழுதியிருக்கிறாள். ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

அலுவலகத்தைக் கடந்து, கதவைத் திறந்து, மாடிப்படியில் போய் நின்றதுதான் அடுத்தபடியாக அவளுக்கு நினைவிருந்தது. படிக்கட்டு விளக்கு எரியவில்லை. கைப்பிடிக் கம்பி சில்லென்றிருந்தது. கீழ்வீட்டில் டெலிவிஷனில் யாரோ சிரித்தார்கள், கரண்டி தட்டில் பட்டது. கீழே போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டலாம். நோன்பு திறக்கும் நேரத்தில் தட்டினால் என்ன என்று கேட்க மாட்டார்கள், முதலில் தட்டைத்தான் போடுவார்கள். தட்டி என்ன சொல்வது? என் கணினியில் ஒரு கோடு எழும்புகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது என்றா? மணி ஏழேமுக்கால். எட்டுக்கு நாயிஃப் வந்துவிடுவான். ஒன்பதுக்குள் அனுப்பவில்லை என்றால் மூன்று வருடம் போயிற்று, ஐந்து வீட்டுச் சாப்பாடு போயிற்று. இதில் அவள் செய்ய வேண்டியது ஒரு பொத்தானை அழுத்துவது. அழுகை வந்தது. அழுதுகொண்டே திரும்பி உள்ளே போனாள்.

அறையில் திரையின் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. விளக்கைப் போட்டாள். நாற்காலி மேசையை விட்டுச் சற்றே பின்னால் இருந்தது. அவள்தான் தள்ளிவிட்டு ஓடியிருப்பாள். இருக்கை மெத்தையில் கை வைத்தாள்.

சூடாக இருந்தது.

உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து பார்த்தாள். திரையில் புதிதாக ஒரு பட்டியல் வந்திருந்தது.

அறையில் இருப்பவர்கள்: 1. லமீஸ். 2. பெயர் பதியப்படவில்லை.

ஒருவரை நீக்கினால் லைசென்ஸ் உடனே செயல்படும்.

இரண்டு பெயருக்கும் எதிரே ஒவ்வொரு சின்னப் பொத்தான். மைசூன் உதட்டைக் கடித்துக்கொண்டு படித்தாள். நல்லவேளை, கேட்டது லேசான கேள்விதான். லமீஸ் என்பது அவள்தான். ஆம் என்று அழுத்தியவள் அவள், மூன்று முறை உரக்கச் சொன்னவள் அவள், ஐந்து மாதமாக அந்தப் பெயரில் பதினோரு கடிதம் எழுதியவள் அவள். அப்படியென்றால் பெயரில்லாதது அது. அது எதுவாக இருந்தாலும் சரி, போகட்டும்.

கோடு எழும்பவில்லை. படுத்தே கிடந்தது. அது மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

இரண்டாவதை அழுத்தினாள்.

நன்றி, லமீஸ். லைசென்ஸ் செயல்படுகிறது.

"அப்பாடா," என்றாள்.

கோடு உச்சிவரை எழும்பிச் சிவந்தது. அறையில் சத்தமே வரவில்லை.

"அப்பாடா," என்று மறுபடி சொன்னாள். உதடு அசைந்தது. நாக்கு மேலண்ணத்தில் பட்டது. கோடு சிவந்தது. காதில் ஒன்றுமே விழவில்லை.

திரையை மறைத்துக்கொண்டு ஒரு தலை இருந்தது.

நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். சாம்பல் நிற ஸ்வெட்டர். பழுப்புக் கிளிப்பில் அள்ளிச் செருகிய முடி. கழுத்தில் ஒரு மச்சம். யாரென்று அவளுக்கு உடனே தெரியவில்லை, தன் பின்னந்தலையை யார்தான் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். பிறகு அந்தக் கை மவுஸை நோக்கிப் போயிற்று. அது அவளுடைய கை. வளையல் கழற்றிய தடம் மணிக்கட்டில் இருந்தது. ஒரு கால் நாற்காலியின் மேல் மடங்கி ஏறியது. மைசூன் அப்படி உட்காருவதே இல்லை. அப்படி உட்காருகிறவள் இந்த அலுவலகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

மேசையில் போன் ஒளிர்ந்தது. அம்மா.

மைசூன் பாய்ந்தாள். அவள் கை போனின் மேல் போயிற்று, போனதுதான், எதையும் பிடிக்கவில்லை. அவளுடைய இன்னொரு கை அதை நிதானமாக எடுத்தது.

"சொல்லும்மா," என்றது.

"சாப்பிட்டியாடி?"

"இன்னும் இல்லம்மா. நாயிஃப் வாங்கிட்டு வரேன்னார்."

"குரல் ஏன் ஒருமாதிரி இருக்கு? சளி பிடிச்சிருக்கா?"

"இல்லம்மா. நலமா இருக்கேன்."

"சரி, வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா. கதவைத் திறந்தே வெச்சிருக்கேன்."

அம்மா, என்று மைசூன் கத்தினாள். அது நான் இல்லம்மா. கதவைச் சாத்திக்கோம்மா. கோடு துடிதுடித்துச் சிவந்தது. அம்மா போனை வைத்துவிட்டாள்.

மைக். மைக்குக்கு மட்டும் அவள் குரல் கேட்கிறது. அது அவளுக்குப் புரிந்த அதே நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாயிஃப் கையில் ஓர் அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தான். சர்க்கரைப் பாகின் வாசனை அறை முழுக்க நிறைந்தது.

"ஆச்சா?"

"ஆச்சு," என்றது நாற்காலியில் இருந்தது. மைசூனின் முகம் அவனைப் பார்த்துச் சிரித்தது.

"நான் சொல்லல? ஃப்ரிட்ஜைப் பிடுங்குன்னு சொன்னேனா இல்லையா? இந்தா, சாப்பிடு முதல்ல." அவன் பெட்டியைத் திறந்து வைத்தான். பாலாடை வைத்தது ஒரு பக்கம், வால்நட் வைத்தது ஒரு பக்கம். அவளுடைய கை வால்நட்டை எடுத்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. குனிந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு கேமை ஓடவிட்டான்.

அவள் மைக்கின் முன்னால் மண்டி போட்டாள். வாயை அதன் வலையில் வைத்தாள். அபூ ஸக்ர். நான் மைசூன். இங்கே இருக்கேன். உங்க பக்கத்துல. திரும்புங்க. அபூ ஸக்ர்.

அவன் சட்டென்று தலையை நிமிர்த்தினான்.

ஒரு நொடி அவன் முகம் மாறியது. அவள் அதைப் பார்த்தாள். மேசையை இரண்டு கையாலும் அறைந்தாள், கத்தினாள், பெயர் சொல்லிச் சொல்லிக் கத்தினாள். அவன் ஒரு பக்கத்து ஹெட்போனை விலக்கிக்கொண்டு நாற்காலியைப் பார்த்தான்.

"இந்தப் பொம்பளைக் குரல் யாருது? ஸ்டேஷனுக்கு வெளியில நின்னு யாரோ கதவைத் தட்டிக் கத்தற மாதிரி இருக்கு. என் பேர்கூடக் கேக்குது."

"பழைய பதிவு. முன்னாடி இருந்தவ எடுத்து வெச்சது."

"லமீஸா?" அவன் ஹெட்போனை மறுபடி காதோடு அழுத்திக் கேட்டான். கண் கலங்கியது. "பாவம் அவ. நல்லாத்தான் செஞ்சிருக்கா, மயிர்க்கூச்செறியுது. ஆனா ஆட்டம் முழுக்க இவ இப்படிக் கத்திட்டிருந்தா யாரும் விளையாட மாட்டாங்க. எடுத்துடு."

"முழுக்கவா?"

"முழுக்க."

அவளுடைய விரல்கள், சர்க்கரைப் பாகு ஒட்டிய விரல்கள், திரையின் ஓரத்தில் இருந்த ஒலியளவுக் குமிழைப் பிடித்துக் கீழே இழுத்தன. அவசரமே இல்லாமல் இழுத்தன. மைசூன் கத்தினாள். சிவப்பு போயிற்று. கத்தினாள். பாதியாயிற்று. வேணாம், வேணாம், அபூ ஸக்ர், வேணாம். ஒரு விரற்கடை. ஒரு நூல். தரையோடு படுத்தது.

"இப்ப சரியா இருக்கு," என்றான் நாயிஃப். "அனுப்பிடு."

பிறகு கதாயிஃப் பெட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, இன்னொரு நாற்காலியை இழுத்து, அவள் மண்டியிட்டிருந்த இடத்திலேயே போட்டு உட்கார்ந்தான்.